ஐந்தாம் பங்கு

எங்கள் வீட்டு லெப்டொப்புக்குப் பத்து வயதுக்கு மேலாகிவிட்டது. நானா படிக்கிற காலத்தில் வாங்கியது. அவர் கத்தாருக்கு வேலைக்குப் போனபோது, "இத நல்லாப் பாத்துக்கோங்க தங்கச்சி" என்று என் கையில் தந்துவிட்டுப் போனார். பற்றரி பத்து நிமிடம் கூடத் தாங்காது. 'ஜே' எழுத்தை இரண்டு தரம் அழுத்த வேண்டும். ஆனாலும் உயர்தரத்தில் நான் ஐ.சி.டி. பாடம் எடுத்ததற்கு அரைவாசிக் காரணம் இந்தப் பழைய பெட்டிதான்.

சென்ற ஒக்டோபர் மாதம் அதன் உள்விசிறி இரைச்சல் போடத் தொடங்கியது. வாப்பா அதை டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். நான்கு நாட்களில் திரும்பி வந்தது. இரைச்சல் இல்லை. "உள்ளுக்கு சும்மா கெடந்த பார்ட்டிஷன் ஒன்றையும் சுத்தம் செஞ்சிட்டம்" என்று கடைக்காரர் சொன்னதாக வாப்பா சந்தோஷமாகச் சொன்னார். கூடுதலாக ஒரு வேலையும் செய்து தந்திருக்கிறார்களே என்ற சந்தோஷம்.

ஆனால் லெப்டொப்பைப் போட்டால் விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை. கறுப்புத் திரையில் இரண்டே வரிகள். அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை என்று முதல் வரி சொன்னது. அதன்கீழ் 'க்ரப் ரெஸ்கியூ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

வாப்பா மறுபடி கடைக்குப் போன் எடுத்தார். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது போட வேண்டும், பழையதில் உள்ளதை எடுப்பதென்றால் தனிச் செலவு, ஒரு கிழமை கடையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று பதில் வந்தது.

அப்போதுதான் உம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். "குடுக்க வேணாம். அதுல தாத்தாட கலியாணப் படமெல்லாம் ஈக்கி."

எங்களைப் போன்ற வீடுகளில் இதை விளக்கத் தேவையில்லை. பெண்கள் மட்டும் கூடியிருந்த மண்டபத்தில், முக்காடில்லாமல், எங்கள் மைனிமாரும் மாமிமாரும் சிரித்துக்கொண்டிருக்கும் படங்கள் அவை. முதல் தடவை விசிறிக்காகக் கொடுத்தபோதே உம்மாவுக்கு மனமில்லை. கம்பியூட்டர் பழுதானால் கடைக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றும், கடைக்குக் கொடுத்தால் உள்ளே உள்ளதை யார் பார்ப்பார்கள் என்று தெரியாது என்றும், இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை உம்மாமார் பேசாமல் இருந்திருப்பார்கள் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன்.

அன்றிரவு நானாவிடம் வட்ஸ்அப்பில் சொன்னேன். திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு அழைப்பு எடுத்தார். "படமெல்லாம் டீ ட்ரைவில. அதுக்கு ஒன்றும் ஆயிருக்காது. ஆனா உம்மும்மாட ரெக்கோடிங் லினக்ஸ் பக்கத்திலதான் ஈந்தது தங்கச்சி."

2019இல் அக்குறணை வீட்டில், உம்மும்மாவைக் கதைக்க வைத்து நானா தன் போனில் பதிந்து வைத்தார். பதினான்கு ஒலிக்கோப்புகள். அந்தப் போன் பிறகு பழுதாகிவிட்டது. உம்மும்மா 2021இல் மௌத்தானார். அவருடைய குரல் வேறெங்கும் இல்லை.

நானா அங்கே இரவு வேலைக்குப் போகிறவர். வழி சொல்லித் தரலாம், கை வைக்க முடியாது. கை வைக்கிறவள் நானாகத்தான் இருக்க வேண்டியிருந்தது.

'பார்ட்டிஷன்' என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அக்குறணையில் வாப்பாவின் குடும்பக் காணிக்கு ஒரு பங்கு வழக்கு இருக்கிறது. நான் பிறக்க முன்னரே தொடங்கியது, இன்னும் முடியவில்லை. ஹார்ட் டிஸ்க்கிலும் பங்கு பிரிப்பதுதான் என்று நான் சொன்னதும் வாப்பா, "அதுலயுமா?" என்று தலையில் கைவைத்தார். ஆனால் அந்த ஒப்பீடு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

ஹார்ட் டிஸ்க் என்பது ஒரே காணி. எங்களுடையது 500 ஜிகாபைட். அதை விண்டோஸுக்கு இவ்வளவு, படங்களுக்கு இவ்வளவு, லினக்ஸுக்கு இவ்வளவு என்று எல்லை போட்டுப் பிரிக்கிறோம். எல்லை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற விபரம் காணியில் கல் நட்டு வைக்கப்படுவதில்லை. காணியின் வாசலில் ஒரு சிறிய உறுதிப் பத்திரம் போல் எழுதப்பட்டிருக்கிறது. பழைய முறைக் கணினிகளில் அந்தப் பத்திரம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். யுனிகோட் தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் போகும். ஆகவே 512 பைட் என்பது 170 குறிகள், இந்தப் பக்கத்தில் மூன்று நான்கு வரிகள். அதிலும் 446 பைட் கணினியை எழுப்பும் கட்டளைகளுக்குப் போய்விடுகிறது. கடைசி 2 பைட் முத்திரை. மீதி 64 பைட்தான் பங்குப் பட்டியல். ஒரு பங்குக்கு 16 பைட் வீதம் நான்கு வரிகள்.

'கண்டி' என்று தமிழில் எழுதினால் 15 பைட். ஒரு பங்கின் முழு விலாசமும் அதைவிட ஒரேயொரு பைட்தான் கூட.

1983இல் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் கணினி விற்ற காலத்தில் வந்த ஏற்பாடு இது. 10 மெகாபைட்டை நான்காகப் பிரித்தால் போதாதா என்று நினைத்திருப்பார்கள்போலும். பிறகு போதாமல் போனது. அதற்காக ஒரு வழி செய்தார்கள்: நான்கு வரிகளில் ஒன்றை 'நீட்டிய பங்கு' என்று எழுதி, அதற்குள்ளே வேறு சிறு பட்டியல்களை வைத்து, உட்பங்குகள் பிரிக்கலாம். லினக்ஸ் அந்த உட்பங்குகளுக்கு 5 என்ற இலக்கத்திலிருந்துதான் எண் கொடுக்கும். முதல் நான்கில் மற்ற மூன்றும் காலியாக இருந்தாலும் சரி, உட்பங்கு 5தான். புதிய கணினிகளில் ஜி.பி.டி. என்ற வேறு முறை இருக்கிறது. அதில் வழக்கமாக 128 பங்குகள் வரை வைக்கலாம், பட்டியலின் பிரதியொன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். எங்கள் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இந்த நான்கு வரிச் சங்கதி பின்னொரு நாளும் கைகொடுத்தது. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய புரொசஸரும் வேண்டும். பழைய லெப்டொப் வைத்திருக்கும் எங்கள் வகுப்பில் பலரும் லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மடவளையிலிருந்து வரும் தோழியொருத்தி லினக்ஸ் மின்ட் போட முயன்றபோது, 80 ஜிகாபைட் வெறும் இடம் இருந்தும் 'பாவிக்க முடியாதது' என்று காட்டியது. அவள் டிஸ்க் பழுதென்று பயந்துவிட்டாள். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. கம்பனி வைத்த மீட்புப் பங்கோடு சேர்த்து நான்கு வரியும் நிரம்பிவிட்டிருந்தது, ஐந்தாவதை எழுத இடமில்லை. அந்த மீட்புப் பங்கை ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதன் வரியை நீட்டிய பங்காக மாற்றியதும் வேலை நடந்தது.

எங்கள் பெட்டிக்கு வருகிறேன். 'க்ரப்' என்பது வாசற் காவலாளி. கணினியைப் போட்டதும் முதலில் எழும்பி, விண்டோஸா லினக்ஸா என்று கேட்பவர் அவர்தான். 446 பைட்டுக்குள் முழு அறிவையும் வைக்க முடியாததால், தன் மிச்ச அறிவை லினக்ஸ் பங்குக்குள் வைத்திருப்பார். அந்தப் பங்கையே துடைத்தால், காவலாளி வாசலில் நின்றுகொண்டு சாவிக்கொத்து இருந்த அறையைக் காணோம் என்கிறார். பின்னால் விண்டோஸ் சுகமாக இருந்தாலும் யாரையும் உள்ளே விடத் தெரியாது. இதைத்தான் 'ஹார்ட் டிஸ்க் போய்விட்டது' என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கறுப்புத் திரையிலும் சில கட்டளைகள் வேலை செய்யும். நானா சொன்னபடி 'செட்' என்று அடித்தேன். காவலாளி தன் சாவிக்கொத்தை எங்கே வைத்திருந்தார் என்று காட்டினார்: முதலாவது டிஸ்க், ஐந்தாம் பங்கு. அடுத்து 'எல்எஸ்' அடித்தேன். இப்போது என்னென்ன பங்குகள் இருக்கின்றன என்று அது காட்டும். 3, 2, 1. ஐந்தைக் காணவில்லை.

டிஸ்க் செத்திருந்தால் ஒன்றும் காட்டாது. மூன்று பங்கும் தெரிந்ததில் பாதிக் கவலை போனது. விண்டோஸுக்கு லினக்ஸ் பங்கின் கோப்பு முறைமையை வாசிக்கத் தெரியாது. அதனால் அது பெயரில்லாத, ஒன்றுமில்லாத பெட்டி போல் அங்கே தெரிந்திருக்கும். அதைக் குப்பை என்று நினைத்து அழித்திருக்கிறார்கள்.

இங்கேதான் வாப்பாவின் காணி வழக்கு எனக்குக் கைகொடுத்தது. உறுதி கிழிந்தால் காணியில் நிற்கும் பலா மரம் மறைந்துவிடாது. பங்கை அழிக்கும்போது பட்டியலிலிருந்து அந்த வரி மட்டுமே போகிறது. உள்ளே எழுதப்பட்டவை எழுதப்பட்ட இடத்திலேயே கிடக்கும். அந்த இடத்தின் மேல் வேறொன்றை எழுதாத வரைக்கும்.

கடைசி வாக்கியம்தான் என்னை இரவு முழுக்க விழித்திருக்க வைத்தது. கணினியை உயிர்ப்பிக்க மிக இலகுவான வழி, அந்த வெறும் இடத்தில் லினக்ஸைப் புதிதாகப் போடுவது. அரை மணித்தியால வேலை. காவலாளிக்குப் புதுச் சாவிக்கொத்துக் கிடைக்கும், விண்டோஸும் வரும், படங்களும் வரும், உம்மா நிம்மதியாவார். ஆனால் புதிய லினக்ஸின் ஆயிரக்கணக்கான கோப்புகள் உம்மும்மாவின் குரலின் மேல் போய் விழும். தேடினால் முதலில் கிடைப்பதும் 'மறுபடி இன்ஸ்டோல் செய்யுங்கள்' என்ற ஆலோசனைதான். அதைச் சொல்பவர்கள் அந்தப் பங்குக்குள் என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

டிஸ்க்கைத் தொடாமல் பென்னிலிருந்து ஓடும் லினக்ஸ் ஒன்று வேண்டும். மின்ட் கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல். எங்கள் டேட்டா பெக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகுதான் அவ்வளவு இறக்கலாம். சாச்சாவின் மகளிடம் லெப்டொப்பை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த நேரத்தில் லினக்ஸைப் பற்றி வாசித்ததில் ஒரு விடயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 21 வயதில் தொடங்கியது என்பது பாடத்தில் படித்ததுதான். ஆனால் ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாக வைத்து நம் நாட்டில் உருவாக்கிய ஒரு லினக்ஸுக்கு 'ஹந்தான' என்று பெயர். டவுனிலிருந்து நிமிர்ந்தால் தெரியுமே, அதே ஹந்தானை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவதற்கு இலங்கைத் தன்னார்வலர்கள் இரவு பகலாக எழுதிய 'சஹன' என்ற கட்டற்ற மென்பொருள், அடுத்த வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது, உலக விருதும் பெற்றது. இதெல்லாம் எங்கோ வெள்ளைக்காரர் செய்யும் வேலை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் பென்னிலிருந்து லெப்டொப்பை எழுப்பினேன். வெளியே ஒக்டோபர் மாதத்து இடி. எங்கள் ஊரில் அந்த மாதம் பின்னேரமானால் இடிமழை, இடித்தால் கரண்ட் போகும். எங்கள் பற்றரியோ பெயருக்குத்தான் பற்றரி. ஆகவே வாசிக்கும் வேலைகளை மட்டும் அன்று செய்வது, டிஸ்க்கில் எழுதும் வேலையை ஸுபஹுக்குப் பிறகு வானம் வெளித்ததும் செய்வது என்று முடிவெடுத்தேன்.

'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது. பார்ப்பதற்கு ஒரு அழகும் இல்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அது பங்குப் பட்டியலை நம்பாது. காணியை நேரில் போய் அளக்கும் நில அளவையாளர் மாதிரி, டிஸ்க்கின் ஒரு முனையிலிருந்து நடந்து, பங்கொன்று தொடங்கும் அடையாளம் எங்கெங்கே கிடக்கிறது என்று பார்த்துப் போகும். நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்று ஓர் எண் ஏறிக்கொண்டிருந்தது. வாப்பா இஷா தொழுதுவிட்டு வந்து பார்த்தார். "என்ன மகள், கெடச்சா?" "அளக்குது வாப்பா." "எங்கட காணிக்கும் ஒரு நாளைக்கு அளக்க வந்தாங்க," என்றார், "ரெண்டு பக்கமும் சண்ட புடிச்சி அனுப்பிட்டாங்க."

பட்டியல் வந்தது. மூன்று விண்டோஸ் வகைப் பங்குகள். நான்காவதாக 'லினக்ஸ்' என்று ஒரு வரி.

'பீ' விசையை அழுத்தினால் பங்குக்குள் இருக்கும் கோப்புகளைக் காட்டும், எழுதாமலேயே. பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினேன். நானாவின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் 'அக்குறணை'. அதற்குள் பதினான்கு பெயர்கள், 2019ஆம் ஆண்டுத் திகதிகளோடு.

உடனே பட்டியலைத் திருத்தி எழுதிவிடலாம் என்று கை துடித்தது. நானா முன்பே சொல்லியிருந்தார்: எழுத முதல் எடு. டெஸ்ட்டிஸ்க்கிலிருந்தே கோப்புகளை வேறொரு பென்னுக்குப் பிரதி எடுக்கலாம். பதினான்கையும் எடுத்தேன். கடைசிக் கோப்பு முடிந்து சில நிமிடங்களில் கரண்ட் போனது. இருட்டில் அந்தப் பென்னைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று உம்மா சொன்னது பக்கத்து அறையிலிருந்து கேட்டது. மெழுகுவர்த்தி கிடைத்ததற்காகச் சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு காலை வானம் தெளிவாக இருந்தது. மறுபடி தேடி, அந்த லினக்ஸ் வரியை உட்பங்கு என்று குறித்து, 'எழுது' என்று கொடுத்தேன். ஒரு விநாடி கூட எடுக்கவில்லை. பதினாறு பைட் வரிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? பென்னைக் கழற்றி மறுபடி எழுப்பினேன். காவலாளி தன் ஐந்தாம் அறையைக் கண்டுகொண்டார். விண்டோஸா, லினக்ஸா என்று வழக்கம் போல் கேட்டார்.

லினக்ஸைத் தெரிவுசெய்தால் அது பாதியில் நின்றது. ஏதோ ஒரு வேலை நடக்கிறது என்று எழுதி, 1 நிமிடம் 30 விநாடி வரை எண்ணிக்கொண்டு போனது. பிறகு தானாகவே உள்ளே போய்விட்டது. அடுத்த தடவையும் அதே 90 விநாடி. நினைவகம் போதாதபோது பாவிக்கும் 'ஸ்வொப்' என்ற சிறு பங்கையும் கடையில் அழித்திருந்தார்கள். அதை நான் மீட்கவில்லை, அதில் வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் எழும்பும்போது எந்தெந்தப் பங்குகளைச் சேர்க்க வேண்டும் என்ற 'எஃப்எஸ்டெப்' பட்டியலில் அதன் பெயர் இன்னும் இருந்தது. வராத விருந்தாளிக்காக லினக்ஸ் ஒன்றரை நிமிடம் காத்திருந்து பார்த்திருக்கிறது. அந்த வரியின் முன்னால் ஒரு '#' குறி போட்டதும் காத்திருப்பு நின்றது.

உம்மா முதலில் டீ ட்ரைவைத் திறக்கச் சொன்னார். தாத்தாவின் கலியாணப் படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. எண்ணிப் பார்ப்பவர் போல் பார்த்தார். "இதெல்லாம் இனி கடைக்குப் போற சாமானோட ஈக்கக் கூடாது," என்றார். படங்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றி, அதற்கு ஒரு கடவுச்சொல் போட்டேன். கடவுச்சொல்லை உம்மாவே தெரிவுசெய்து, தன் சமையல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். பாதுகாப்புப் பாடத்தில் இதற்குப் புள்ளி குறைப்பார்கள். ஆனால் அந்தக் கொப்பியை எங்கள் வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை.

பிறகு ஒலிக்கோப்புகள். முதலாவதில் நானாவின் குரல்தான் கூடுதலாகக் கேட்டது. போனை எங்கே வைப்பதென்று தடுமாறிக்கொண்டிருந்தார். பின்னால் கோழிச் சத்தம், ரோட்டில் ஒரு பஸ். உம்மும்மா நெருங்கி வந்து, "இந்தப் பொட்டில பேசினா யாரு மகன் கேக்கப் போறது?" என்று கேட்டார். நானா சிரித்தார்.

வாப்பா எழும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார். உம்மும்மா அவருடைய உம்மா.

உம்மும்மா மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். தன் பெயரை எழுதத் தெரியும், குர்ஆன் ஓதத் தெரியும். நான்காவது பதிவில், தன்னை ஏன் நிறுத்தினார்கள் என்று அவர் சொல்கிறார். வீட்டில் தம்பி பிறந்தான், பிள்ளை பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். குறை சொல்லும் தொனியே இல்லை. அதே மூச்சில் வட்டிலாப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று தொடங்கிவிடுகிறார்.

ஒன்பதாவது கோப்பு திறக்கவில்லை. பெயர் இருக்கிறது, அளவு பூச்சியம். கடையில் அழித்ததால் வந்ததா, 2019இலேயே சரியாகப் பதியவில்லையா என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை. நானாவிடம் சொன்னேன். அதில் என்ன இருந்தது என்று அவருக்கும் ஞாபகம் இல்லை. "பதிமூணு ஈக்கிது தானே," என்றார்.

பதின்மூன்றும் இப்போது மூன்று இடங்களில் இருக்கின்றன: லெப்டொப்பில், வெளி டிஸ்க்கில், தோஹாவில் நானாவின் போனில். உம்மாவின் போனில் நான்காவது மட்டும். வாப்பா தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்து, வட்டிலாப்பம் வருகிற அதை மட்டும் அனுப்பு என்றார்.